அண்ணன் காளை, தம்பி காளை, என் அயனித்தடி

“எலே செம்பா, உனக்க பக்கத்துல நிக்கவனுக்குச் சொல்லு. நுகத்தை அந்தப் பக்கம் கொஞ்சம் தாத்திப் பிடிக்கச் சொல்லு.”

சொன்னவர் என் அண்ணன் ஜெபமணி. கேட்டுக்கொண்டிருந்தது செம்பன் என்ற செவலைக் காளை. நுகத்தின் மறுமுனையைப் பிடித்திருந்தது என் தம்பி வில்சன். இருவருக்கும் இடையில் நாலு அடி இருந்தால் அதிகம்.

வில்சனும் சளைத்தவனில்லை. தன் காளை மயிலையின் திமிலைத் தடவிக்கொண்டே அதனிடம் சொன்னான். “மயிலே, நுகம் சரியாட்டுதான் நிக்கு. கண்ணாடி போடாத ஆளுக்குக் கோணலாட்டுத் தெரிஞ்சா நாம என்ன செய்ய?”

காளைகள் இரண்டும் அசைபோட்டபடி நின்றன. தடி இழுப்பது போதாதென்று தூதும் போக வேண்டுமா என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவள் நான். அந்தப் பார்வை எனக்கு நன்றாகவே புரியும்.

மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமைக் காலை, எங்கள் அப்பாவின் விளை. பாறசாலையிலிருந்து உள்ளே தள்ளி, கால்வாய் ஓடும் சானல்கரைக்கு மேலே இருக்கும் மேட்டு நிலம். தரையில் பன்னிரண்டடி நீளத்தில் அயனித்தடி, அயனிப்பலா மரத்தின் அடித்துண்டு, கிடந்தது. ஒரு ஆள் கட்டிப் பிடித்தால் விரல்கள் ஒன்றையொன்று தொடாது. அது அன்றைக்கே விளையை விட்டு இறங்கி, கீழே ரோட்டில் நிற்கும் லாரியில் ஏறியாக வேண்டும். இல்லையென்றால் என் வீட்டுக்கு வாசல் கிடையாது.

ஐந்து வீட்டுக் கதவு

அமரவிளையில் நான் தையல் கடை நடத்துவது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு: என் பெயர் மேபல். ரவிக்கை நன்றாகத் தைப்பேன். வாயை மட்டும் தைத்துக்கொள்ளத் தெரியாது.

கல்யாணமான நாள்முதல் வாடகை வீடு. என் வீட்டுக்காரர் இருந்தபோதும் அப்படித்தான், அவர் போன பிறகும் அப்படித்தான். ஐந்து வீடு மாறினேன். ஐந்திலும் வேறு யாருடைய கதவையோதான் பூட்டித் திறந்தேன். அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று அவரிடம்கூடச் சொன்னதில்லை.

இப்போதுதான் உதியன்குளங்கரையில் மூன்று சென்டில் எனக்கென்று ஒரு வீடு எழும்பத் தொடங்கியிருந்தது. அஸ்திவாரம் முடிந்து நின்றது. எங்கள் பக்கம் முன்வாசல் நிலையை முதலில் நிறுத்தி, ஐயர் ஜெபம் செய்த பிறகுதான் சுவர் வைப்பார்கள். ஐயர் என்றால் எங்கள் சபைப் போதகர். மிஷன் காலத்திலிருந்தே எங்களுக்கு அவர் ஐயர்தான், வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.

கொத்தனார் கறாராகச் சொல்லிவிட்டார். “அடுத்த வெள்ளிக்கு நிலை நிக்கணும் அக்கா. இல்லேண்ணா நான் காஞ்சிரங்குளத்துல ஏத்துக்கிட்ட வேலைக்குப் போவேன். பின்ன ஓணம் கழிஞ்சு பாப்போம்.”

ஆசாரிக்கு நிலை செய்ய நாலு நாள் வேண்டும். மில்லில் அறுக்க ஒரு நாள். விரலை மடக்கிப் பார்த்தேன். சனிக்கிழமையைத் தாண்டினால் ஒன்றும் நடக்காது.

கடையில் மரம் வாங்கக் கூடாதா என்று கேட்பீர்கள். என் முகத்துக்கு நேரே கேட்டவர்கள் அப்புறம் என்னிடம் துணி தைக்கக் கொடுக்கவில்லை. அப்பாவின் சொத்தில் எனக்கு வந்தது அந்த அயனி ஒன்றுதான். பெண்ணுக்கு ஒரு மரம் போதும் என்று முடிவு செய்த கூட்டத்தில் ஒருவர்கூடப் பெண் இல்லை. போன வருஷத்து இடவப்பாதி மழைக்காற்றில் அது விழுந்தபோது, சரி, இனி இதுதான் என் வாசல் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டேன்.

செருப்பைப் பங்கு வைத்த பெரியவர்கள்

அந்தக் கூட்டத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும்.

அப்பா வைத்திருந்தது ஒரு ஜோடிக் காளை. தொழில், தடி இழுப்பு. எங்கள் ஊர் ரப்பர் விளைகள் எல்லாம் மேடும் பள்ளமும். பால் வற்றிய மரத்தை வெட்டிப் போட்டால் லாரி உள்ளே வராது, காளைதான் இழுத்து ரோட்டுக்குக் கொண்டுவரும். இன்றைக்கும் அந்த வேலைக்குக் குறைவில்லை. அப்பா போனதும் அண்ணன் ஜோடி எனக்கு என்றார். தம்பியும் ஜோடி எனக்கு என்றான்.

சபைப் பெரியவர்கள் எங்கள் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மூன்று தட்டு பழம்பொரி காலியானது. பிறகு தீர்ப்பு வந்தது: ஆளுக்கு ஒரு காளை. செம்பன் அண்ணனுக்கு, மயிலை தம்பிக்கு. ஒரு ஜோடி செருப்பை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு, சமமாகப் பிரித்தோம் என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

காளைக்குப் பக்கம் உண்டு. நுகத்தின் இடது பக்கம் பழகியதை இடத்தன் என்போம், வலது பக்கம் பழகியதை வலத்தன் என்போம். செம்பன் இடத்தன், மயிலை வலத்தன். மாற்றிக் கட்டினால் லேசில் நடக்காது. பிடிவாதம் என்று சொல்லாதீர்கள். கோயிலில் எனக்கு மூன்றாவது பெஞ்சில் ஓர இடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ விருந்தாளி அதில் உட்கார்ந்துவிட, நான் ஐந்தாவது பெஞ்சுக்குப் போனேன். அன்றைக்குப் பாட்டு, பிரசங்கம் ஒன்றும் எனக்குள் இறங்கவில்லை. காணிக்கைப் பையைக்கூட அடுத்தவருக்குக் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். மனுஷிக்கே இப்படி என்றால் மாட்டைக் குறை சொல்லலாமா?

அண்ணனும் தம்பியும் சந்தையில் ஆளுக்கொரு புதுக் காளை வாங்கி, ஆளுக்கொரு ஜோடி சேர்த்தார்கள். பேச்சை நிறுத்தினார்கள். மூன்று வருஷம். ஒரே கிணறு, இரண்டு மோட்டார். எது எப்போது ஓட வேண்டும் என்பதைக்கூட வாயால் பேசிக்கொள்ளவில்லை. ஒருவர் சுவரில் தாள் ஒட்டினார், மற்றவர் அதில் திருத்தம் எழுதினார்.

நான் சொன்ன இரண்டு பொய்

தடியை இறக்க முதலில் ஜேசிபி வந்தது. விளையிலிருந்து ரோட்டுக்கு இறங்குவது ஒரு இடவழி. இரண்டு பக்கமும் செம்மண் கையாலைச் சுவர், நடுவில் ஜோடிக் காளை கொம்பு உரசாமல் போகலாம், அவ்வளவுதான். ஜேசிபிக்காரப் பையன் இறங்கிப் பார்த்தான், இடவழியில் நின்று செல்பி எடுத்தான், போய்விட்டான்.

யானை கொண்டுவரலாம் என்றார் ஒருவர். யானை வந்தால் பின்னாலேயே ஊர் வரும். ஊருக்கு யார் சாயா போடுவது?

பிறகு அண்ணனின் ஜோடி ஒரு நாள் வந்தது. அவர் வாங்கிய புதுக் காளை தடியைக் கண்டதும் படுத்துக்கொண்டது. இன்னொரு நாள் வில்சனின் ஜோடி வந்தது. அவனுடைய புதுக் காளை முன்னால் போகாமல் பின்னால் நடந்தது. இரண்டு நாளும் நான் கடையில் இருந்தேன், பிறர் சொல்லித்தான் கேள்வி. செம்பனும் மயிலையும் சேர்ந்து இழுத்தால் ஒழிய அந்தத் தடி அசையாது என்பது ஊருக்கே தெரிந்துபோனது.

அண்ணனிடம் போனேன். “செம்பனுக்கு இப்ப இழுப்பு இல்லையாம், மயிலை ஒத்தையில இழுக்குமாம், வில்சன் சொல்லுகான்” என்றேன். அடுத்த வாசலுக்குப் போனேன். “மயிலைக்கு வயசாச்சாம், இனி வண்டிக்கும் ஆகாதாம், அண்ணன் சொல்லுது” என்றேன். இரண்டும் பச்சைப் பொய். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இதற்கென்று தனியாக மன்னிப்புக் கேட்டேன்.

இருவருமே சனிக்கிழமை வந்து நிற்கிறேன் என்றார்கள். எனக்குத் தடி இறங்கினால் போதும், இவர்களைச் சேர்த்துவைக்கும் ஆசை துளியும் இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது மூன்றாவது பொய். நிலை வைக்கிற அன்று என் பக்கத்தில் இரண்டு பேரும் நிற்கவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. யாராவது ஒருவர் வந்தால் மற்றவர் வரமாட்டார் என்பதும் தெரிந்திருந்தது.

கை மாறிய சட்டை

அப்பா காலத்து வழக்கப்படி செம்பனை இடத்திலும் மயிலையை வலத்திலும் கட்டினார்கள். தடியின் முனையைச் சீவி, சங்கிலி போட்டு நுகத்தோடு இணைத்தார்கள். அண்ணன் “ஹை” என்றார்.

செம்பன் முன்னே போகவில்லை. பிட்டத்தால் மயிலையைத் தள்ளியது. மயிலை கழுத்தால் செம்பனைத் தள்ளியது. இரண்டும் வட்டமடித்து, ஒன்று கிழக்கே பார்த்தும் மற்றது மேற்கே பார்த்தும் நின்றன.

“செம்பா, கண்ட ஆளுக்க தொழுவுல மூணு வருசம் கெடந்தா மாடு கெட்டுப்போவும், கேட்டியா?” என்றார் அண்ணன்.

“மயிலே, கெட்டது யாருண்ணு ஊருக்குத் தெரியும்” என்றான் வில்சன்.

இரண்டாம் முறையும் அதே கூத்து. மூன்றாம் முறை கழுத்துக் கயிறு அறுந்தது. கீழே லாரிக்காரர் ஹாரன் அடிக்கத் தொடங்கினார்.

எனக்குக் கோபம் வந்தால் கண் கூர்மையாகிவிடும். செம்பனையே பார்த்துக்கொண்டு நின்றேன். நுகத்தைத் தூக்கும்போதெல்லாம் அது தானாக நடந்து வலது பக்கம் போய்க் கழுத்தை நீட்டுகிறது. மயிலை இடது பக்கம் வருகிறது. என் கடையில் புதிதாக வந்த பெண் ஒருத்தி ஒரு சட்டைக்கு வலது கையை இடது தோளில் வைத்துத் தைத்துவிட்டாள். தொங்கவிட்டுப் பார்த்தால் சட்டை சரியாகத்தான் தெரியும், கையை நுழைத்தால்தான் முறுக்கிக்கொள்ளும். அதுதான் எனக்கு நினைவு வந்தது.

“அண்ணே, செம்பனை இப்ப நுகத்துல எந்தப் பக்கம் கெட்டுது?”

அண்ணன் வானத்தைப் பார்த்தார். மேகம் ஒன்றும் இல்லை. “வலத்த” என்றார், காதில் விழாத குரலில். “நான் வாங்குனது இடத்தனாப் போச்சு. விக்கவன் சொல்லேல்ல. செம்பன் புத்தியுள்ளவன், மாத்திப் பழக்கினேன்.”

வில்சன் சத்தம் போட்டுச் சிரித்தான். பிறகு திடீரென்று சிரிப்பை நிறுத்தினான்.

“நீ எந்தப் பக்கம்லே கெட்டுக?” என்று அவனைக் கேட்டேன்.

“...இடத்த.”

“ஏன்?”

“நான் வாங்குனது வலத்தன் எக்கா.”

கடவுளுக்கும் சில நாள் சிரிக்கத் தோன்றும்போல. ஜோடியைப் பிரித்தது முட்டாள்தனம், சந்தையில் ஏமாந்தது அதைவிட முட்டாள்தனம். வெளியே சொன்னால் மானம் போகும் என்று மூன்று வருஷமாக இரண்டு பேரும் ஒரே விஷயத்தை மறைத்துக்கொண்டிருந்தார்கள். கிணற்றுச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தால்கூடத் தெரிந்திருக்கும்.

“காளையை மாத்திக் கெட்டுங்க” என்றேன்.

காளை மாறினால் ஆளும் மாற வேண்டும். ஒருவர் காளையின் கயிற்றை மற்றவர் தொடமாட்டாரே. எதிரெதிரே வராமல் இருக்க இருவரும் தடியைச் சுற்றிப் போனார்கள். இருவரும் வால் பக்கமாகவே போனதால் அங்கே முகத்துக்கு முகம் முட்டிக்கொண்டார்கள். உடனே திரும்பித் தலைப்பக்கம் போனார்கள், அங்கேயும் முட்டிக்கொண்டார்கள். கடைசியில் நான் வில்சனின் காதைப் பிடித்துத் தடியின் மேலேயே ஏறித் தாண்ட வைத்தேன். அவனுக்கு நாற்பத்தாறு வயது.

இந்த முறை அண்ணன் “ஹை” என்று முடிக்கவில்லை, அதற்குள் சங்கிலி இறுகியது. இரண்டு காளைகளும் தலையைத் தாழ்த்தி, பின்னங்காலை மண்ணில் ஊன்றி, ஒரே மூச்சில் இழுத்தன. ஒரு வருஷம் கிடந்த தடி மண்ணை விட்டுப் பிரிகிற சத்தம் கேட்டது. தடி ஊர்ந்தது.

வாழைத்தடை

சமதரையில் தடி சுலபமாக ஊர, அடியில் வாழைத்தடை, அதாவது வாழை மரத்துத் துண்டு, வெட்டிப் போடுவது வழக்கம். சாறு வழுக்கும், தடி நழுவும். இறக்கத்தில் போடவே கூடாது. இடவழியின் தொடக்கத்தில் ஒரு கல் மட்டும் முட்டிக்கொண்டிருந்தது, அதைத் தாண்ட இரண்டு தடை போதும்.

அண்ணன் விடியற்காலையில் வந்து இரண்டு தடை போட்டிருக்கிறார். வில்சன் பிறகு வந்து, இது பத்தாது போல என்று இன்னும் கொஞ்சம் போட்டிருக்கிறான். அண்ணன் மறுபடி பார்த்து, நான்தான் குறைவாகப் போட்டேனோ என்று மேலும் போட்டிருக்கிறார். போட்டியில் இறக்கம் என்பதையே மறந்து இப்படியே போட்டுப் போட்டு இடவழி பாதி தூரத்துக்குப் பந்திப் பாய் விரித்த மாதிரி கிடந்தது. கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்பதற்கு வாய் வேண்டுமே.

இன்னொன்றும் உண்டு. இறக்கத்தில் தடி காளையை முந்தாமல் இருக்க, தடியின் வால் முனையில் ஒரு வடம் கட்டி, மேலே நிற்கும் பலாமரத்தில் சுற்றி, ஒரு ஆள் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். அன்றைக்கு வடம் கட்டியிருந்தது. மரத்தடியில் சுருளாகக் கிடந்தது. பிடிக்க ஆள் இல்லை, ஏனென்றால் இரண்டு பேரும் அவரவர் காளையின் முன்னால் நின்றார்கள்.

“பின்னால யாரு?” என்று நான் கேட்டேன்.

“அதுக்கு ஆளு உண்டு” என்றார் அண்ணன், தம்பி பக்கம் தாடையைக் காட்டி. “உண்டாக்கும்” என்றான் தம்பி, அண்ணன் பக்கம் தாடையைக் காட்டி. தொழில் தெரிந்தவர்கள், நமக்கென்ன என்று விட்டுவிட்டேன். என் தப்பும்தான்.

தடி கல்லைத் தாண்டியது. அடுத்த நொடி காளைகள் அதை இழுக்கவில்லை, அது காளைகளைத் துரத்தியது.

சங்கிலி தளர்ந்து தரையில் தட்டியது. காளைகள் ஓடின. பக்கவாட்டில் ஒதுங்க அந்த இடவழியில் இடமில்லை. வடம் என் காலடியில் பாம்புபோலச் சுருள் கழன்று ஓடிக்கொண்டிருந்தது. யோசிக்காமல் குனிந்து பிடித்தேன். தையல்காரி கையில் நூல் நிற்கும், வடம் நிற்குமா? அப்படியே உட்கார்ந்த வாக்கில் மூன்றடி இழுத்துக்கொண்டு போனது. வாசல் போனால் போகட்டும், அந்த இரண்டு மிருகங்களின் கால் முறியக் கூடாதே என்று மட்டும்தான் அப்போது நினைத்தேன்.

அண்ணன் ஒரு பக்கக் கையாலையில் ஏறி வந்தார். வில்சன் மறு பக்கக் கையாலையில் ஏறி வந்தான். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வடத்தைப் பிடித்தார்கள்.

“எலே வில்சா, மரத்துல சுத்துலே! இன்னொரு சுத்து!”

“அண்ணே, கைய எடு! கை போவும்! கைய எடுண்ணே!”

“என் கை கெடக்கட்டும், நீ விடாத!”

“விடமாட்டேன், நீ காலை ஊணு!”

வடம் பலாமரத்தைச் சுற்றிக் கிரீச்சிட்டது. பட்டை கருகும் வாசம் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து, தடி நின்றது. காளைகளின் குளம்புக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. செம்பனும் மயிலையும் சானல்கரை ரோட்டில் மூச்சிரைத்துக்கொண்டு நின்றன. ஒரு கீறல் இல்லை.

மூக்கு ரோட்டில், வால் இடவழியில்

அண்ணன் தம்பியின் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். தோல் வழன்றிருந்தது. இனி என்ன நடக்கும், கட்டிப்பிடித்து அழுவார்களோ என்று நான் பயந்தேன். எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு கெட்ட பழக்கம் கிடையாது.

“இவ்வளவு தடை போட்டது யாருலே?” என்றார் அண்ணன்.

“நீதான் மொதல்ல போட்டது.”

“நான் ரெண்டாக்கும் போட்டேன்!”

“பின்ன அது குட்டி போட்டுதா?”

“வடத்துக்கு நிக்க வேண்டியது நீயில்லியாலே?”

“அப்பா இருக்கும்போ வடத்துக்கு நின்னது யாரு? நீதான? மூத்தவனாக்கும் நிக்கணும்!”

“அப்பனை இழுக்காத!”

மூன்று வருஷத்துப் பேச்சு மொத்தமும் வந்தது. பழம்பொரி தின்ற பெரியவர்கள், சந்தை, மோட்டார், தாளில் எழுதிய திருத்தம், ஒரு கிறிஸ்துமஸுக்கு அனுப்பாத கேக், ஒன்றுகூட விடவில்லை. எல்லாம் நேருக்கு நேர். நடுவில் மாடு இல்லை.

சேலை முழுக்கச் செம்மண்ணோடு கீழே வந்தேன். சுமை ஏற்றுகிறவர்களின் தலைவர் சுரேந்திரன் ரோட்டோரம் நின்றார். தடியின் மூக்கு ரோட்டில், வால் இடவழியில். விளைக்குள் எங்கள் வேலை, ரோட்டுக்கு வந்தால் அவர்கள் வேலை, அதுதான் ஊர் முறை.

“சேச்சி, காளைக்கு கார்டுண்டோ?” என்று சுமைத் தொழிலாளர் சங்க அட்டையைச் சொல்லிக் கிண்டலாகக் கேட்டார்.

“மூக்கு உங்களுக்கு, வால் எனக்கு. வால் இல்லாம மூக்கு மட்டும் லாரில ஏறுமானா ஏத்துங்க” என்றேன்.

அவர் சிரித்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டார். மேலே சத்தம் இன்னும் ஓயவில்லை. சுரேந்திரன் காது கொடுத்துக் கேட்டார். “அவரு தம்மில் பகையாணோ சேச்சி?”

“பகை நேத்து வரைக்கும் இருந்துது. இது சண்டையாக்கும்” என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. செம்மண் கண்ணில் விழுந்ததாகச் சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அவர் நம்பவில்லை, ஆனாலும் நல்ல மனுஷர், திரும்பி நின்றுகொண்டார்.

தடி அன்றைக்கே மில்லுக்குப் போனது. ஆசாரி சொன்ன நாளில் நிலையைக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் நிலையை நிறுத்தினோம். ஐயர் வந்தார், எல்லாரும் கண்ணை மூடினோம். ஜெபம் பாதியில் இருக்கும்போது எனக்குப் பின்னால் குசுகுசுவென்று ஆரம்பித்தது. நிலை தெற்கே ஒரு நூல் சாய்ந்திருக்கிறது என்றார் அண்ணன். சாய்ந்தது நிலை இல்லை, பார்க்கிற ஆளின் கழுத்து என்றான் வில்சன். குசுகுசு மெல்ல மெல்ல ஐயரின் குரலுக்கு மேலே போனது. ஐயர் ஜெபத்தைச் சுருக்கமாக முடித்து ஆமென் சொன்னார். எல்லாரும் கண்ணைத் திறந்து பின்னால் பார்த்தார்களாம்.

நான் திறக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்போல இருந்தது.